யாழ்ப்பாணம் போகும் வழியில் மிகிந்தலை

விமானத்தால் இறங்கியதும் வேன் பிடித்து நேரே ஊருக்குப் போகத்தான் மனம் அவதிப்படும். ஆனாலும் ஏ9 வீதியால் போகிறவர்கள் மிகிந்தலைக்கு ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். அநுராதபுரத்துக்குக் கிழக்கே 13 கிலோமீட்டரில், வீதியோரமாகவே இருக்கிறது. அசோகரின் மகனான பிக்கு மகிந்த தேரர் இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்த மலை என்கிறது பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம்.

அடிவாரத்திலிருந்து 1,840 கற்படிகள். பயப்பட வேண்டாம், அகலமான, தாழ்வான படிகள், இருபக்கமும் ஈழத்தலரி மரங்கள். முழங்கால் வலியுள்ள அம்மா, அப்பா கூட வந்தால், மேலே உள்ள தரிப்பிடத்துக்கே வேனை விடச் சொல்லுங்கள். ஏற்றத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். அம்பஸ்தல தாதுகோபத்துக்கு (பௌத்தத் தூபி) முன்னால் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அதற்கப்புறம் எல்லாம் வெறுங்கால்தான். நடுப்பகலில் பாறை கொதிக்கும். பையில் ஒரு சோடி தடித்த காலுறை இருக்கட்டும்.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். உடம்பில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் கட்டாயம் மூடுங்கள். அதற்காக வெளிநாட்டவரை நாடு கடத்தியிருக்கிறார்கள்.

அன்னதான மண்டப இடிபாட்டில் பிக்குகளுக்குச் சோறு நிரப்பிய நீண்ட கல்தொட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பக்கத்திலேயே நாலாம் மகிந்த மன்னனின் இரண்டு கல்வெட்டுப் பலகைகள். கோயில் வேலையாட்களுக்கு என்ன கூலி, என்ன கடமை என்றெல்லாம் பத்தாம் நூற்றாண்டிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மலையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

‘இது எங்கட இடமில்லையே’ என்று வாசலில் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் பௌத்தம் தமிழருக்கு அந்நியமாக இருந்ததில்லை. மணிமேகலை பௌத்தக் காப்பியம்தானே! யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் சின்னஞ்சிறு தாதுகோபங்கள் நிற்கின்றன. ஊருக்குப் போனதும் அங்கேயும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

காட்சிக்கு ஆராதனைப் பாறைதான். செங்குத்தான ஏற்றம், பாறையில் வெட்டிய படி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. உச்சியில் காற்று பலமாக அடிக்கும். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பயமென்றால் எதிரே உள்ள மகாசாய என்ற பெரிய தாதுகோபத்துக்குப் போங்கள், அங்கிருந்தும் நன்றாகத் தெரியும். கீழே காடு, இடையிடையே குளங்கள். மேற்கே அநுராதபுரத்தின் பெரிய தாதுகோபங்கள் காட்டுக்கு மேலே எழுந்து நிற்கும், பொழுது அவற்றின் பின்னால்தான் சாயும். நாலு மணிக்கு ஏறத் தொடங்குங்கள், இருட்டுவதற்கு முன் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஜூன் மாதப் பொசன் போயாவை (பௌர்ணமி நாள்) ஒட்டிய நாட்களில் மட்டும் வேண்டாம். நாடு முழுவதிலுமிருந்து யாத்திரிகர்கள் வருவார்கள், வேன் மலையடிக்கே போகாது.