காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறுங்கள்

இத்தாலியில் முதல் கார் வாங்கியதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பழைய நகரத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். எங்களுக்கும் வந்தது. ரெஜ்ஜோ எமிலியாவிலிருந்து தொஸ்கானாப் பக்கம் ஒரு நகரத்துக்குப் போனோம், பெயர் எதற்கு. நவிகேற்றரில் பேராலயத்தின் பெயரை அடித்தேன். அது சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். தரிப்பிடத்துக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் இலவச இடம் தேடி அரை மணித்தியாலம் சந்து சந்தாகச் சுற்றினேன். கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் காசு கொடுத்தேதான் விட்டேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் பச்சை உறை இரண்டு வந்தன.

பச்சை உறையில் பதிவுத் தபால் வந்தால் நல்ல செய்தி இல்லை என்பது இங்கே வந்து கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். இரண்டும் முல்தா, அதாவது தண்டம். ஒரு வாசலால் ஒருமுறை, சுற்றிவந்து இன்னொரு வாசலால் மறுமுறை, நுழையக்கூடாத வலயத்துக்குள் நுழைந்திருக்கிறேன். நுழைந்ததே எனக்குத் தெரியாது.

அந்த வலயத்தின் பெயர்தான் ட்ஸெத்தா-தி-எல்லே, பலகையில் ZTL என்று இருக்கும். போக்குவரத்து மட்டுப்படுத்தப்பட்ட வலயம் என்று பொருள். பழைய நகரங்களின் நடுப்பகுதி, நாம் செந்த்ரோ என்று சொல்லும் இடம், பெரும்பாலும் இதற்குள்தான் வரும். அங்கே குடியிருப்பவர்களும் அனுமதி வைத்திருப்பவர்களும் மட்டும் காரோடு போகலாம். வாசலில் தடை கிடையாது, பொலீஸ்காரரும் நிற்கமாட்டார். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட ஒரு பலகை, அதன் கீழே சின்ன எழுத்தில் நேரங்கள், மேலே ஒரு கமரா. அவ்வளவுதான். பல நகரங்களில் பக்கத்திலேயே மின்னெழுத்துப் பலகையும் இருக்கும். அதில் ‘வார்கோ அத்திவோ’ என்று எழுதியிருந்தால், ‘வாசல் இயங்குகிறது, அப்படியென்றால் போகலாம்’ என்று நினைத்துப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதற்கு நேர் எதிர்ப் பொருள்! இயங்குவது கமரா. ‘நொன் அத்திவோ’ என்று இருந்தால்தான் எல்லோரும் போகலாம்.

தண்டம் 83 யூரோவில் தொடங்கும், அனுப்பிய செலவு தனி. கையில் கிடைத்து 5 நாளுக்குள் கட்டினால் 30 வீதம் கழிவு உண்டு, 58 யூரோ சொச்சத்தோடு முடியும். ஆகவே உறையை மேசையில் போட்டுவைத்து யோசிக்கவேண்டாம். சுவிஸிலிருந்தோ பிரான்சிலிருந்தோ சொந்தக்காரர் காரில் வந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். இத்தாலியில் இருப்பவருக்கு 90 நாளுக்குள் அனுப்பவேண்டிய கடிதத்தை வெளிநாட்டில் இருப்பவருக்கு 360 நாளுக்குள் அனுப்பினால் போதும். அடுத்த கோடை விடுமுறைக்குத் திட்டம் போடும்போது போன கோடைக்கான முல்தா வந்து சேரும். வாடகைக் கார் என்றால், உங்கள் பெயரைக் காட்டிக்கொடுத்ததற்கு அந்தக் கம்பனி எடுக்கும் கட்டணம் வேறு. செந்த்ரோவுக்குள் ஹொட்டேல் எடுத்திருந்தால், காரின் இலக்கத்தை முன்பே கொடுத்துப் பதியச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களும் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

சரி, இலவச இடம் எங்கே?

இருக்கிறது, தாராளமாக இருக்கிறது, ஆனால் செந்த்ரோவில் தேடக்கூடாது. இங்கத்தைய வீதிச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு நல்ல விஷயம் உண்டு: ஒரு நகரசபை காசு கட்டும் நீலக்கோட்டுத் தரிப்பிடம் போட்டால், அங்கேயோ பக்கத்திலேயோ போதிய அளவு இலவச இடமும் விடவேண்டும். படித்ததும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வரியிலேயே பழைய நகர நடுவுக்கும் நடைபாதை வலயங்களுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, செந்த்ரோவில் வெள்ளைக்கோடு, அதாவது இலவச இடம், தேடுவது, சட்டமே கைவிட்ட இடத்தில் நின்று சட்டத்தைக் கேட்பது மாதிரி.

நான் இப்போது செய்வது இதுதான். பார்க்கப்போகிற நகரத்தின் பெயரோடு ‘பார்க்கெஜ்ஜோ ஸ்கம்பியத்தோரே’ என்று தேடுவேன். காரை விட்டுவிட்டு வேறு வாகனத்துக்கு மாறும் இடம். நவிகேற்றரில் அந்தத் தரிப்பிடத்தின் பெயரைத்தான் அடிப்பேன், பேராலயத்தின் பெயரை ஒருநாளும் அடிப்பதில்லை. மத்திய இத்தாலியின் பழைய நகரங்கள் பல மலைமேல் இருக்கின்றன. கீழே இடம் இருக்கும், மேலே இருக்காது. கீழிருந்து மேலே எப்படி ஏற்றுகிறார்கள் என்பதுதான் விசாரிக்கவேண்டிய விஷயம்.

இதற்குப் பெரூஜாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உம்ப்ரியா மாநிலத்தின் தலைநகர், ரோமருக்கு முன்பு இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்து மதில்களோடு மலை முதுகில் படுத்திருக்கும் நகரம். வடக்கிலிருந்து வருபவர்கள் ஆ-1 நெடுஞ்சாலையில் வால்திகியானாவில் இறங்கினால், அங்கிருந்து பெரூஜாவுக்குப் போகும் விரைவுப் பாதைக்குக் காசு இல்லை. அதில் மதோன்னா ஆல்தா என்ற வெளியேற்றத்தில் இறங்கி, பியான் தி மஸ்ஸியானோ என்ற பலகையைப் பிடித்துப் போங்கள். ரெனாத்தோ கூரி உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பக்கத்தில் பரந்த வெளி. தரிப்பிடம் இலவசம்.

அங்கிருந்தே மினிமெத்ரோ புறப்படுகிறது. 2008இல் திறந்தது. மூன்று கிலோமீற்றர் சொச்சப் பாதை, ஏழு நிலையங்கள். சாரதி இல்லாத சின்னச் சின்ன வெள்ளிப் பெட்டிகள் கம்பிவடத்தால் இழுபட்டு ஒன்றின்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நேர அட்டவணை பார்க்கவேண்டியதில்லை, ஒன்றை விட்டால் அடுத்தது வந்துவிடும். பயணச்சீட்டு ஒன்றரை யூரோ அளவு. முன் கண்ணாடியோடு ஒட்டி நிற்கப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். தரைக்கு மேலே ஓடி, கடைசியில் மலைக்குள் புகுந்து பின்செத்தோ நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் கோர்சோ வனூச்சி. வீதியின் ஒரு முனையில் 1270களில் கட்டிய பெரிய நீரூற்று, பக்கத்தில் பேராலயம். அதன் படிக்கட்டில் ஊரே உட்கார்ந்திருக்கும், நீங்களும் உட்காரலாம்.

மறுமுனையில் இருப்பதைத் தவறவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் உப்பு வரிக்கு எதிராகக் கிளம்பிய நகரத்தை அடக்கிய போப்பரசர் மூன்றாம் பவுல், ஒரு முழுப் பகுதியின் வீடுகளைத் தான் கட்டிய கோட்டைக்கு அடியில் புதைத்தார். கோட்டையின் பெரும்பகுதியைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள், அடியில் கிடந்த வீதிகள் மிஞ்சின. இப்போது அந்த நிலத்தடி வீதிகளின் ஊடாக நகரும் படிக்கட்டு போகிறது. கீழே பியாட்ஸா பார்திஜானியில் இறங்கும். அங்கே இருப்பது காசுத் தரிப்பிடம், அதனால் படிக்கட்டில் சும்மா ஏறி இறங்கிவிட்டுத் திரும்பிவாருங்கள். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

பெரூஜாவுக்குப் போக நம்மவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. இத்தாலியக் குடியுரிமைக்கு பி-1 நிலை இத்தாலிய மொழிச் சான்றிதழ் கட்டாயமானது 2018 கடைசியில். அதற்கு நம்மில் பலர் எழுதும் சேலி பரீட்சை இங்குள்ள வெளிநாட்டினர் பல்கலைக்கழகத்தினுடையது. எத்ருஸ்கர் கட்டிய பெரிய வளைவு வாசலுக்கு எதிரிலேயே அந்தக் கட்டடம், பலாட்ஸோ கல்லெங்கா. பரீட்சையை உங்கள் ஊரிலேயே எழுதியிருந்தாலும், நம்மைப் பாடாய்ப் படுத்திய இடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வரலாமே. நான் போய் நின்று படம் எடுத்தேன்.

இன்னொரு மலை நகரம் ஓர்வியெத்தோ. ரோமுக்குப் போகிற வழியில் ஆ-1 இலேயே வெளியேற்றம் இருக்கிறது. ரயில் நிலையத்தின் பின்பக்கம், பியாட்ஸா தெல்லா பாச்சே என்ற இடத்தில், இலவசமாகக் காரை விடலாம். தண்டவாளத்துக்கு அடியால் நடந்து நிலையத்தின் முன்பக்கம் வந்தால் எதிரே பூனிகொலாரே, சரிவில் ஏறும் வண்டி. இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே கொண்டுபோய்விடும். அங்கே இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் புனித பத்திரீசியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே ஓடிவந்த போப்பரசருக்காகத் தோண்டியது, ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளக்கூடாது என்று இறங்க ஒரு சுருள்பாதை, ஏற இன்னொன்று, ஒவ்வொன்றிலும் 248 படிகள். கழுதைக்கே ஒருவழிப் பாதை போட்ட ஆட்கள் காருக்கு விதி போடாமல் விடுவார்களா?

பிளோரன்ஸைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே இலவசத்தை மறந்துவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆ-1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கொஸ்தான்ட்ஸா தரிப்பிடத்தில் காரை விட்டு, அங்கே நிற்கும் டிராமில் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தடிக்குப் போகலாம். காசுதான், ஆனால் நடு நகரத்து விலை இல்லை. மேலும் பிளோரன்ஸில் தரிப்பிடக் கட்டுப்பாட்டு வலயங்களுக்குள் இருக்கும் வெள்ளைக்கோடு அங்கே குடியிருப்பவர்களுக்கானது. வெள்ளை என்றால் இலவசம் என்று பாடமாக்கி வந்தவர்கள் அந்த ஊரில்தான் மாட்டுகிறார்கள்.

மற்றபடி நாட்டின் பொது வழக்கம் இது: வெள்ளை இலவசம், நீலம் காசு, மஞ்சள் ஒதுக்கிய இடம், இளஞ்சிவப்பு கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும். ஆனால் கோட்டின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரைப் பூட்டாதீர்கள், கம்பத்தில் இருக்கும் பலகையையும் பாருங்கள். வெள்ளைக்கோட்டிலும் ‘திஸ்கோ ஒராரியோ’ என்று இருந்தால் குறிப்பிட்ட நேரம் மட்டும்தான் இலவசம். வந்து சேர்ந்த நேரத்தை அட்டைக் கடிகாரத்தில் திருப்பி, முன் கண்ணாடிக்குள் தெரியும்படி வைக்கவேண்டும். அட்டையைத் தபாக்கி என்ற புகையிலைக் கடையில் வாங்கலாம்.

பலகையில் இரண்டு சுத்தியல் குறுக்காகப் போட்டிருந்தால் வேலை நாட்கள், சிலுவை இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாட்களும். சுத்தியலுக்குள் சனிக்கிழமையும் அடக்கம். நமக்குச் சனி லீவு என்பதால் வீதிச் சட்டத்துக்கும் லீவு இல்லை. இதையே திருப்பியும் பயன்படுத்தலாம். நீலக்கோட்டுப் பலகையில் சுத்தியல் மட்டும் போட்டு, 8 முதல் 20 மணி வரை என்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அதே இடம் இலவசம். எங்கள் குடும்பப் பயணம் எல்லாம் ஞாயிறாக இருப்பதன் இரகசியம் இதுதான். சிலுவையும் சேர்ந்திருந்தால் ஞாயிறும் கட்டவேண்டும், உல்லாசப் பயணிகள் மொய்க்கும் ஊர்களில் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் வீதி கழுவும் நாள். வெள்ளைக்கோடு, இலவசம், நிழல், எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ‘புலிட்ஸியா ஸ்த்ராதே’ என்ற பலகையில் ஒரு கிழமையும் நேரமும் போட்டிருக்கும், கூடவே காரைத் தூக்கும் வண்டியின் படம். இரவு தங்குபவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். சந்தை நாளும் அப்படித்தான். பியான் தி மஸ்ஸியானோவிலேயே சனிக்கிழமை காலையில் பெரிய சந்தை கூடும். வெள்ளி இரவு வந்து காரை விடுபவர்கள் சந்தைக்கு ஒதுக்கிய பகுதிக்கு வெளியே விடுங்கள். பெரூஜா அணி விளையாடும் நாளில் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நாப்போலி, பலெர்மோ பக்கம் இலவச இடத்தில் ஒருவர் வந்து கைகாட்டிக் காரை உள்ளே எடுக்க உதவி செய்துவிட்டுக் காசு கேட்பார். சட்டப்படி அது தடை, அவர் வாங்கும் எந்தக் காசுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. வாக்குவாதம் வளர்க்காமல் வேறு இடம் பார்ப்பதுதான் என் வழக்கம்.

காருக்குள் பையை விடாதீர்கள், அதிலும் பெர்மெஸ்ஸோவும், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையும், கடவுச்சீட்டும் இருக்கும் பையை. கண்ணாடியை ஒரு நாளில் மாற்றிவிடலாம். பெர்மெஸ்ஸோ தொலைந்தால் பொலீஸில் முறைப்பாடு, அட்டை கொடுக்கும் பொலீஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் வரிசை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கடைசியாக, திரும்பும் நேரம். மினிமெத்ரோ இரவு 9 மணிவாக்கில் நின்றுவிடும், ஞாயிறுகளில் அதற்கும் கொஞ்சம் முந்தி. நாங்கள் முதல்முறை போனபோது ஐஸ்கிரீமை முடித்துவிட்டு ஆறுதலாக வந்தோம், கதவு பூட்டியிருந்தது. சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்குகள் மினுங்கும் சரிவில் கீழே கீழே நடந்தோம், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. அந்தப் பெரிய வெளியில் எங்கள் கார் மட்டும் தனியாக நின்றது. முன் கண்ணாடியில் ஒரு தாள் செருகியிருந்ததைப் பார்த்து மனைவிக்கு நெஞ்சு திக்கென்றது. எடுத்துப் பார்த்தால் பீட்சாக் கடை விளம்பரம்.