வியூ ஸ்கிரிப்ட்: இரண்டாவது ரன்னில் காலை வாரும் தவறுகள்

டேட்டாபேஸில் பெயர் வைத்துச் சேமிக்கும் குவெரிதான் வியூ. அதை உருவாக்கும் ஸ்கிரிப்ட் முதல் தடவை யார் எழுதினாலும் ஓடிவிடும். வெறும் 'கிரியேட் வியூ' போதும். அதே ஸ்கிரிப்ட் டெவ், டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று எல்லா இடத்திலும், ஒவ்வொரு ரிலீஸிலும் திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்னும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. இரண்டாவது ரன்னில் "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது" என்று டேட்டாபேஸ் திருப்பி அனுப்பும். உண்மையில் இது நல்ல பிழை, உடனே கண்ணில் படுகிறது. இதன் வாயை அடைக்க நாம் பிடிக்கும் குறுக்கு வழிகள்தான் தொல்லை.

முதல் குறுக்கு வழி, 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்', அதாவது இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு என்பது. எஸ்க்யூலைட், மரியாடிபி ஆகிய டேட்டாபேஸ்களில் இது வியூவுக்கு உண்டு. போஸ்ட்கிரெஸில் மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு (குவெரியின் விடையையும் சேமித்து வைப்பது) மட்டும் உண்டு, சாதாரண வியூவுக்கு இல்லை. டேபிளுக்கு இது சரி, உள்ளே டேட்டா இருக்கிறது, தொடாமல் விடுவதுதான் நியாயம். வியூவுக்குள் ஒரு குவெரியைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தக் குவெரியை நீங்கள் திருத்தியிருந்தாலும், பழைய வியூ இருப்பதைப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். லாக்கில் பிழையே இருக்காது, ரிப்போர்ட்டில் மட்டும் பழைய கணக்கு. வியூவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது, 'டிராப்' செய்து, அதாவது நீக்கிவிட்டு, புதிதாக உருவாக்குவது. பெங்களூரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸை முடித்த கையோடு மடிவாளாவில் சேலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நம் ஆட்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது, தன் லாகினில் பார்த்தால் வியூவும் வருகிறது, அப்புறம் என்ன? திங்கள் காலை ரிப்போர்ட் டீமிலிருந்து போன் வரும்: "அண்ணா, வியூ இருக்கு, ஆனா பெர்மிஷன் டினைடுன்னு வருது." போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் மூன்றிலுமே வியூவை டிராப் செய்தால் அதன்மேல் மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதிகள், அதாவது 'கிராண்ட்' எல்லாம் கூடவே போய்விடும். உருவாக்கியவரிடம் உரிமை இருப்பதால் அவருக்கு மட்டும் குறை தெரியாது.

இன்னொரு வியூ இதை நம்பியிருந்தால் போஸ்ட்கிரெஸ் டிராப் செய்ய விடாது. அந்தக் கோபத்தில் 'கேஸ்கேட்' என்று ஒரு வார்த்தையைச் சேர்ப்பவர்கள் உண்டு. நம்பியிருந்த வியூக்களும் சேர்ந்து காணாமல் போகும், உங்கள் ஸ்கிரிப்ட் திரும்ப உருவாக்குவதோ ஒன்றை மட்டும். தானாக ஓடும் ஸ்கிரிப்டில் கேஸ்கேட் இருந்தால் ரிவ்யூவில் நான் அதைத் தாண்ட விடுவதில்லை.

சரி, 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' (இல்லாவிட்டால் உருவாக்கு, இருந்தால் மாற்று) போட்டால் முடிந்ததா? போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் மூன்றிலும் அதுதான் முதல் தேர்வு, கிராண்ட்டும் அப்படியே நிற்கும். ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு நிபந்தனை: பழைய நெடுவரிசைகள் அதே பெயரில், அதே வரிசையில், அதே டைப்பில் இருக்க வேண்டும். புதியதைக் கடைசியில் மட்டும்தான் சேர்க்கலாம். இங்கே, எல்லா நெடுவரிசைகளையும் மொத்தமாக எடுக்கும் 'செலக்ட் ஸ்டார்' காலை வாரும். ஆர்டர் டேபிளில் எண், தேதி, தொகை என்று மூன்று நெடுவரிசைகள். அவை மூன்றையும் ஸ்டாரால் எடுத்து, பின்னால் வாடிக்கையாளர் பெயரைச் சேர்த்து ஒரு வியூ. பிறகு யாரோ ஆர்டர் டேபிளில் தள்ளுபடி என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். உங்கள் ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அடுத்த ரன்னில் நாலாவது இடத்தில் பெயருக்குப் பதில் தள்ளுபடி வந்து நிற்கும், வியூவின் நெடுவரிசைப் பெயரை மாற்ற முடியாது என்று போஸ்ட்கிரெஸ் கையை விரித்துவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இது இன்னும் மோசம். ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டாமல் விட்டால், பெயர் என்ற தலைப்பின் கீழே தள்ளுபடித் தொகை வரக்கூடும், பிழை எதுவும் வராது. வியூவின் நெடுவரிசை விவரத்தைப் புதுப்பிக்கும் 'எஸ்பி ரிஃப்ரெஷ்வியூ' ஓட்டினால் சரியாகும், நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி எழுதினால் அந்தத் தேவையே வராது.

வரிசையையோ டைப்பையோ நிஜமாகவே மாற்ற வேண்டியிருந்தால், போஸ்ட்கிரெஸில் டிராப், கிரியேட், கிராண்ட் மூன்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வையுங்கள். நடுவில் தோற்றால் பழைய வியூ அப்படியே மிஞ்சும். கூடவே 'லாக் டைம்அவுட்' (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு) ஐந்து விநாடி போல வையுங்கள். இல்லாவிட்டால் நீளமான ரிப்போர்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் உங்கள் டிராப் அதன் பின்னால் காத்து நிற்கும், உங்கள் பின்னால் மற்ற எல்லோரும் நிற்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வழி உதவாது. அங்கே வியூவை உருவாக்குவதும் நீக்குவதும் தானாகவே கமிட் ஆகிவிடும், பின்வாங்க முடியாது.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னொன்று, 'டிஃபைனர்', அதாவது வியூவை வரையறுத்தவராகப் பதிவாகும் அக்கவுண்ட். குறிப்பிடாவிட்டால் ஸ்கிரிப்டை ஓட்டியவரின் அக்கவுண்டே பதிவாகும், வியூவும் வழக்கமாக அந்த உரிமையில்தான் ஓடும். வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறும் ஊர் இது. போனவரின் அக்கவுண்டை நீக்கிய அன்றே வியூ படுத்துவிடும். பொதுவான ஒரு சர்வீஸ் அக்கவுண்டை டிஃபைனராக எழுதிவிடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் 2016 எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1) முதல், இல்லாவிட்டால் உருவாக்கி இருந்தால் மாற்றும் 'கிரியேட் ஆர் ஆல்டர்' இருக்கிறது. அதற்கு முந்தையதில் மாட்டிக்கொண்டவர்கள், வியூ இல்லையென்றால் மட்டும், சரமாகக் கொடுத்த கட்டளையைத் தனியாக ஓட்டும் 'எக்ஸெக்' வழியாக ஒரு பொம்மை வியூவை உருவாக்கி, பிறகு 'ஆல்டர் வியூ' செய்யலாம். 'கிரியேட் வியூ' அந்த பேட்ச்சின் (சர்வருக்கு ஒன்றாக அனுப்பும் கட்டளைத் தொகுப்பு) முதல் வாக்கியமாக இருந்தே ஆக வேண்டும், அதனால் 'இஃப்' உள்ளே நேராக வைக்க முடியாது. பேட்ச்சைப் பிரிக்கும் 'கோ' எஸ்க்யூஎல் கட்டளையே கிடையாது, மேனேஜ்மெண்ட் ஸ்டுடியோ போன்ற டூல்களுக்குத்தான் அது புரியும். ஜாவாவிலிருந்தோ பைத்தானிலிருந்தோ அப்படியே அனுப்பினால் பிழைதான்.

எஸ்க்யூலைட்டில் 'ஆர் ரீப்ளேஸ்' கிடையாது, கிராண்ட்டும் கிடையாது. டிரான்சாக்‌ஷனுக்குள் டிராப் செய்து உருவாக்குவதில் அங்கே பயமில்லை.

ரிலீஸுக்கு முன்னால் ஸ்கிரிப்டைக் காலி டேட்டாபேஸில் அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டுங்கள். பிறகு போன ரிலீஸின் வியூக்கள் இருக்கும் ஒரு நகலில் ஓட்டுங்கள். கடைசியாக, உங்கள் லாகினை விட்டு வெளியே வந்து, அந்த வியூவை நிஜமாகப் படிக்கப்போகும் அக்கவுண்டில் ஒரு செலக்ட் போட்டுப் பாருங்கள்.