உங்கள் ஊருக்கான அவசர உதவி எண் பட்டியலைத் தயாரிப்பது எப்படி?

108 என்ற எண்ணை அறியாதவர் தமிழ்நாட்டில் அரிது. ஆனால், அழைத்தவுடன் கேட்கப்படும் மாவட்டம், வட்டம், ஊர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைப் பதற்றத்தில் சொல்ல முடியாமல் தடுமாறுபவர்கள் பலர். ஆகவே, பட்டியலை எண்களிலிருந்து அல்லாமல் முகவரியிலிருந்து தொடங்குவதே சரி.

படி 1: ஒரு முழுத்தாளின் மேற்பகுதியில் உங்கள் முகவரியை வாய்விட்டுப் படிக்கும் வகையில் எழுதுங்கள். புதூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால், வட்டத்தின் பெயரை விட்டுவிடக் கூடாது. "மாரியம்மன் கோவிலுக்கு எதிர்ச்சந்து, ரேஷன் கடையை அடுத்த பச்சை கேட்" என்பது போன்ற குறிப்பு, ஊருக்குப் புதியவரான ஓட்டுநருக்கு இரவு நேரத்தில் கதவு எண்ணைவிட அதிகம் பயன்படும்.

படி 2: அதன் கீழே பொது எண்களை எழுதுங்கள். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112. ஆம்புலன்ஸுக்கு மட்டும் எனில் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906. இணைய மோசடியில் பணம் இழந்தால் அழைக்க வேண்டிய 1930-ஐ அடிக்கோடிட்டு வையுங்கள். பணம் கைமாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் தெரிவித்தால்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.

படி 3: உண்மையான உழைப்பு தேவைப்படுவது உள்ளூர் எண்களுக்குத்தான். தேடுபொறியில் முதலில் வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். போலி எண்களை அங்கே பதிந்து வைத்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் உதவி எண்கள், அலுவலர்களின் தொடர்பு விவரங்கள் ஆகியவற்றைத் தேடி, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புயல், வெள்ளக் காலங்களுக்கான மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோருக்காக அழைப்பவர்கள், அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு எனில் 04365-1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. மின்தடை, அறுந்து விழுந்த மின்கம்பி போன்றவற்றுக்கு மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் உள்ளது.

படி 4: பகல் வேளையில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் சென்று, இரவில் மருத்துவர் இருப்பாரா, பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இல்லையெனில் எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயல்வெளியை ஒட்டிய ஊர்களில் இந்த ஒரு வரியே பட்டியலில் மிக முக்கியமானது என்பேன்.

படி 5: உள்ளூர்த் தொலைபேசி எண்களை ஒருமுறை அழைத்து, அவை பயன்பாட்டில் உள்ளனவா என்று உறுதிசெய்யுங்கள். 112, 108 ஆகியவற்றைச் சோதனைக்காக அழைக்கக் கூடாது.

பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகளின் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால், சார்ஜ் தீர்ந்த இரவில் அது கைகொடுக்காது. மழைக்காலம் தொடங்கும் முன்பு, ஐப்பசி பிறப்பதற்குள், ஆண்டுதோறும் ஒருமுறை எண்களைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.