எருக்கம்பாலில் சிக்கிய புழுக்கள்: என் அனுபவம்

வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்களை வீட்டில் தொட்டி எருக்கில் வளர்க்கப் பார்த்தேன். முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுக்கள் மறுநாளே செத்துக் கிடந்தன. எறும்பு என்று நினைத்து தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். அப்புறம் வெயில் என்று நிழலுக்கு மாற்றினேன். நான்கு நாள் வீண்.

லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு புழுவின் வாயிலும் காய்ந்த வெள்ளைப் பொட்டு. எருக்கம்பால்! அதிலுள்ள விஷத்தை இந்தப் புழு தாங்கிக்கொள்ளும். ஆனால் இலை நரம்பைக் கடித்ததும் பீறிடும் பால் பசையாக இறுகி, சின்னஞ்சிறு வாயை ஒட்டிவிடுகிறது.

தெருவோர எருக்கில் ஒரு பெரிய புழுவைக் கவனித்தேன். நேராகத் தின்னவில்லை. முதலில் நடுநரம்பைக் காம்புப் பக்கம் கடித்தது. இலை மடிந்து தொங்கியது. பால் வடிந்து நின்றபின், கடித்த இடத்தைத் தாண்டி நுனிப் பக்கம் போய்த் தின்றது. எவ்வளவு நுட்பம்!

நானும் அதையே செய்தேன். பிளேடால் நடுநரம்பைக் காம்பருகே கீறி, அரை மணி நேரம் விட்டு, பஞ்சால் துடைத்து, குஞ்சுகளைத் தூரிகையால் நுனியில் விட்டேன். பத்தில் எட்டு பிழைத்தன, நிம்மதி. பால் கண்ணில் படக்கூடாது, ஆபத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.