வாடகை வீட்டில் கரண்ட் பில்லை 60 அலகுக்குள் நிறுத்தியது

வாடகையைக் குறைக்க வழியில்லாததால் கரண்ட் பில்லில் கை வைத்தேன். இலங்கையில் மாதம் 60 அலகை, அதாவது யூனிட்டை, தாண்டினால் முதல் 60 அலகுக்கும் கூடின விலை விழும்; நிலையான கட்டணமும் ஏறும். ஆகவே ஒரு நாளைக்கு 2 அலகு. ஞாயிறுதோறும் மீற்றர் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கோ.

75 வாற் ஃபான் எட்டு மணித்தியாலத்துக்கு 0.6 அலகு. கிணற்று மோட்டர், 750 வாற், இருபது நிமிடத்துக்கு 0.25. பழைய ஃபிரிட்ஜ்தான் பெரிய கள்ளன்: கதவிடுக்கில் தாளொன்றை வைத்து மூடி இழுங்கோ, லேசாக வந்தால் ரப்பர் தளர்ந்திட்டுது, மாற்றுங்கோ.

வீட்டுக்காரரோடு ஒரே மீற்றர் என்றால் இது சரிவராது, இரண்டு குடும்பமும் சேர்ந்து 60ஐத் தாண்டிவிடும். முற்பணம் கொடுக்கமுன் தனி மீற்றர் கேளுங்கோ.