மெரினாவில் மனிதர்களை இயல்பாகப் படம் பிடிப்பது எப்படி?

கேமரா இருப்பதையே மறந்த ஒரு முகம் படத்தில் கிடைத்துவிட்டால் அதற்கு ஈடு இல்லை. அதற்காக ஆட்களைத் துரத்திக்கொண்டு அலைவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்வது. முதலில் நல்ல இடமாகப் பார்த்து நில்லுங்கள்; ஆட்கள் தாமாக வருவார்கள். பழகிப் பார்க்கச் சென்னை மெரினாவைச் சொல்வேன். அங்கே கேமராவோடு நிற்பவரை யாரும் வியந்து பார்ப்பதில்லை.

1. வெயில் எங்கிருந்து வருகிறது?

மெரினா கிழக்குப் பார்த்த கடற்கரை. மாலை நாலரைக்கு மேல் வெயில் காமராஜர் சாலைப் பக்கமிருந்து சாய்ந்து வரும். சாலைக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றால், அலையில் கால் நனைத்துத் திரும்புகிறவர்களின் முகத்தில் அது நேராக விழும். பின்னால் கடலும் வானமும்தான் இருக்கும். கடைகளைத் தாண்டி, தண்ணீருக்குச் சற்று முன்பாக நில்லுங்கள். இல்லையென்றால் பஜ்ஜிக் கடைப் பலகை யாராவது ஒருவர் தலையில் முளைத்து நிற்கும்.

உச்சிவெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். அந்த நேரத்தில்தான் போக முடியும் என்றால், கடைக் கூரை நிழலின் ஓரத்தில் இருப்பவர்களை எடுங்கள். வெளியே உள்ள மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்குப் போதும்.

2. கேமராவை முன்பே தயார் செய்யுங்கள்

அபெர்ச்சர் முன்னுரிமை முறையில் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) துளை அளவை எஃப் 5.6 என வையுங்கள். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கட்டும். குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 வினாடி. ஓடும் குழந்தைகளுக்கு 1/1000. ஃபோகஸ் ஆளைத் தொடர்ந்துகொண்டே இருக்கும் முறையில் வையுங்கள். வெயிலுக்கு எதிராக எடுத்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை கூட்டலாம்.

லென்ஸில் என் தேர்வு 50 மி.மீ. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெசோன் பெரும்பாலும் பயன்படுத்தியதும் அதுதான். 200 மி.மீ. ஜூமில் தூரத்திலிருந்து எடுத்தால் முகம் பெரிதாகும், இடம் காணாமல் போகும். எதிரில் இருப்பவருக்கு அது வேவு பார்ப்பதாகவும் படும். மணலில் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். உப்புக்காற்றும் மணல்துகளும் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்குப் பகை.

செல்பேசியானால், முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். அகலக் கோண லென்ஸைத் தவிருங்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபட்டுத் தெரியும்.

3. காத்திருங்கள்

இதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. ஒரு சுண்டல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டுவார், சுண்டலை அள்ளிப் போடுவார், மாங்காய்த் துண்டையும் தேங்காயையும் தூவுவார், நீட்டுவார். இரண்டு மூன்று பேருக்குக் கொடுப்பதைப் பார்த்தாலே அந்த வரிசை மனதில் பதிந்துவிடும். அடுத்த கை எப்போது எழும் என்பது தெரிந்தபின் கேமராவை உயர்த்துங்கள்.

பெரும்பாலானவர்கள் சுண்டல்காரரையே பார்ப்பார்கள். நீங்கள் வாங்க வந்த சிறுமியைப் பாருங்கள். மாங்காய் விழும்போது அவள் கண்கள் அந்தக் கையோடு போகும். பொட்டலம் கைக்கு வரும் முன்பே வாய் லேசாகத் திறக்கும். அங்கே தொடர்ச்சியாக நான்கைந்து படம் எடுங்கள். சிறுமி உட்கார்ந்திருந்தால் நீங்களும் மணலில் உட்காருங்கள்; மேலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் மிஞ்சும்.

எடுத்ததும் திரையைப் பார்க்காதீர்கள். குனிந்த நேரத்தில் நல்ல கணம் ஒன்று போய்விடும்.

4. அவர்கள் கவனித்துவிட்டால்

கேமராவை ஒளிக்காதீர்கள். புன்னகையுங்கள், படத்தைக் காட்டுங்கள். “வேண்டாம் தம்பி” என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். அலையில் நனைந்து உடை ஒட்டி நிற்பவர்களை எடுக்கவே கூடாது. குழந்தைகளின் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் இணையத்தில் போடவும் கூடாது.

“எங்களுக்கும் அனுப்புங்களேன்” என்று கேட்பார்கள். அங்கேயே நின்று செல்பேசிக்கு மாற்றி அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த படங்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை.