கொழும்பு லொறியில் ஏறும் முன்பே பழுதாகும் மரக்கறி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேலியகொடை மெனிங் சந்தையில் சாக்கை அவிழ்த்ததும் அழுகல் நெடி அடித்தால், பழி முதலில் லொறிக்காரர் மேல் விழும், அடுத்ததாக வெயில் மேல். பல நேரம் அந்தப் பழுது முதல் நாளே தோட்டத்தில் தொடங்கிவிட்டிருக்கும். தக்காளியில் விழுந்த அடியும் கரட்டில் பட்ட கீறலும் உடனே தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்து, சரக்கு கைமாறிய பிறகுதான் அந்த இடம் இளகி நீர் கசியும். தவறு செய்தவருக்கு அது தெரியவராது. நட்டம் கொழும்பில் கடை வைத்திருப்பவர் தலையில் விழும். இதனால்தான் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

பறிக்கும் நேரத்திலிருந்து பார்ப்போம். பறித்த பிறகும் மரக்கறி சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காகும், வாடலும் அதற்கேற்ப விரையும். நண்பகலில் போஞ்சியைப் பறித்து வரம்பில் குவித்து வைத்தால் குவியலின் நடுப்பகுதி புழுங்கத் தொடங்கும். காலையில் பனி ஈரம் உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் பறியுங்கள். பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குவிக்காமல் பரப்பி விடுங்கள். மருந்தடித்த தோட்டமென்றால், லேபிளில் உள்ள ‘அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள்’ முடியாமல் பறிக்கவே வேண்டாம். சந்தையில் விலை ஏறிவிட்டது என்பது அதற்குக் காரணமாகாது.

மிகப் பெரிய சேதம் சாக்கில்தான் நடக்கிறது. கோவாவையும் கத்தரிக்காயையும் 50 கிலோவுக்கு மேல் திணித்து, வாயை இழுத்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிச்சாக்கு மேலே உள்ள அத்தனை சுமையையும் தாங்கவேண்டும். மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் அதைத் தூக்கிப் போடுவதற்கும் பாரம்தான் காரணம். அந்த எடையை மெதுவாக இறக்க எவராலும் முடியாது. பிளாஸ்டிக் பெட்டியில் பாரத்தைப் பெட்டியின் சுவர் தாங்கும், காய் தாங்காது. பெட்டியைக் கட்டாயமாக்க அரசு முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு லொறியில் ஏற்றும் அளவு குறையும், வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவும் உண்டு என்ற வாதங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெறுமையாகத் திரும்பும்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டிகள் இருக்கின்றன. அழுகிக் கழிக்கும் காயின் பெறுமதியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், தக்காளி, போஞ்சி, கறிமிளகாய் போன்றவற்றுக்காவது பெட்டிதான் இலாபம்.

பெட்டி பாவித்தும் பலர் காயைக் கெடுக்கிறார்கள். விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பினால் மேற்பெட்டியின் அடி காயையே நசுக்கும். விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விடுங்கள். வெடித்த பெட்டியின் கூரான ஓரம் காயைக் கீறும். கழுவாத பெட்டியோ போன கிழமை அழுகலின் கிருமியை இந்தக் கிழமைச் சரக்குக்கு ஏற்றிவிடும்.

கரட் கழுவும் நீர் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம். நுவரெலியாப் பக்கத்திலிருந்து கழுவி வரும் கரட் கொழும்பில் பளிச்சென்று விற்கும். ஆனால் ஒரே தொட்டி நீரில் நாள் முழுதும் கழுவினால், அழுகிய ஒரு கரட்டிலிருந்து மென்னழுகல் பக்டீரியா தொட்டி முழுக்கப் பரவி, வெடிப்பும் கீறலும் உள்ள ஒவ்வொரு கரட்டுக்குள்ளும் புகும். கழுவுமுன் வெடித்ததையும் முறிந்ததையும் பொறுக்கி அகற்றுங்கள். முதலில் சாதாரண நீரில் சேறு போகக் கழுவி, பிறகு குளோரின் கலந்த சுத்தமான நீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்துங்கள். 5 வீத செறிவுள்ள, வாசனை சேர்க்காத குளோரின் திரவமென்றால் 10 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். இது 100 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு நீரில் 100 பங்கு குளோரின். சேற்று நீரில் குளோரின் ஊற்றிப் பயனில்லை, கிருமியைத் தொடுமுன் சேறே அதைத் தின்றுவிடும். கழுவியதை நீர் வடிந்து தோல் உலரும்வரை நிழலில் விட்டபிறகே கட்டுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டிய கரட் கொழும்பு வெக்கையில் ஒரே இரவில் வழவழக்கும்.

லொறியில் இடம் மிச்சமென்று எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவதும் தவறு. பழுக்கும் வாழைப்பழம், பப்பாசி, மாம்பழம், தக்காளி எல்லாம் காயைப் பழுக்கவைக்கும் எதிலீன் வாயுவை வெளியிடும். அது பட்டால் கீரை மஞ்சளாகும், கோவா இலை உதிர்க்கும், கரட் கசக்கும். வேறு வழியில்லையென்றால் பழத்தைப் பின்பக்கம் ஏற்றிக் காற்றோட்டம் விடுங்கள். படங்கைச் சரக்கின்மேல் ஒட்ட இழுத்துக் கட்டாமல், கம்பு வைத்து ஒரு சாண் இடைவெளி கொடுங்கள். மலைநாட்டுக் குளிரில் ஏற்றிய சரக்கு கொழும்பின் ஈரக் காற்றில் வியர்க்கும். இறக்கியதும் பொலித்தீனால் மூடாமல் பரப்பி, வியர்வை உலர விடுங்கள்.

வெங்காயம் கெடுவது பெரும்பாலும் கழுத்தில், அதாவது குமிழும் தாளும் சேரும் இடத்தில். அறுவடைக்கு 10 நாட்களுக்கு முன்பாவது நீர் பாய்ச்சுவதை நிறுத்தவேண்டும். கடைசி வாரங்களில் யூரியா போட்டால் கழுத்து தடித்து, உலராமல் நின்றுவிடும். பிடுங்கியதை, ஒரு வரிசையின் இலை அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி கிடத்தி, கழுத்து சுருங்கி வெளித்தோல் சரசரக்கும்வரை உலர்த்துங்கள். தாளை நறுக்குவதென்றால் 2 சென்ரிமீற்றராவது விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்கினால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டதாகும். யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டித் தொங்கவிடுவது மிக நல்ல முறை. காற்று எல்லாப் பக்கமும் படும், கழுத்தில் வெட்டும் இல்லை. உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கிழங்குக்கு இருட்டும் வேண்டும், வெளிச்சம் பட்டால் பச்சையாகி நஞ்சு ஏறும்.

கறுத்தக் கொழும்பான் மாங்காயை உலுக்கி விழுத்தினால் எத்தனை கவனமாக அனுப்பியும் பயனில்லை. காம்போடு பறித்து, பிறகு காம்பை நறுக்கி, பால் தோலில் படாதபடி தலைகீழாக வடிய விடுங்கள். பால் பட்ட இடம் கருகும். பழுக்கவைக்கக் காபைட் கல் வைப்பது முற்றாக விடவேண்டிய பழக்கம். அந்தக் கல்லில் ஆர்சனிக், பொஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். முற்றாத காயில் தோல் மட்டுமே மஞ்சளாகும், உள்ளே இனிப்பு வராது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் குளிர் அறை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எல்லா மரக்கறிக்கும் ஒரே குளிர் பொருந்தாது. கரட், கோவா, லீக்ஸ் ஆகியவற்றுக்கு 0 முதல் 5 பாகை நல்லது. பச்சைத் தக்காளியும் மாங்காயும் 12 பாகைக்குக் கீழே பல நாள் கிடந்தால் வெளியே எடுத்தபின் சரியாகப் பழுக்காது, தோலில் குழி விழும். ஒரே அறைதான் இருக்கிறதென்றால் அதைக் கரட், கோவா, லீக்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, தக்காளியை வெளியே காற்றோட்டமான நிழலில் வைத்து அன்றாடம் விற்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.